வாங்காத வீட்டுக்கு வாடகை கேட்ட நிறுவனம்

கேள்வி: லினக்ஸைப் பயன்படுத்துவோர் எல்லோரும் தனக்குப் பணம் கட்ட வேண்டும் என்று எஸ்சிஓ என்ற நிறுவனம் ஒரு காலத்தில் ஊரையே மிரட்டியதாமே, யார் அது?

பதில்: அப்பெயரில் இரண்டு நிறுவனங்கள் இருந்தன என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்; இல்லாவிடில், உழைத்தவர் ஒருவரும் வழக்காடியவர் வேறொருவருமான இந்த வரலாற்றில் பழி இடம் மாறிப் போய்விடும். கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான சான்டா குரூஸில் 1979-இல் லாரி மைக்கேல்ஸும் அவருடைய மகன் டக் மைக்கேல்ஸும் தொடங்கிய சான்டா குரூஸ் ஆபரேஷன் முதலாவது. அதன் பெயர்ச்சுருக்கமே எஸ்சிஓ. யூட்டா மாநிலத்தில் 1994-இல் கால்டெரா என்ற பெயரில் பிறந்து, முதலாவது நிறுவனத்தின் இயங்குதளத் தொழிலை 2001-இல் வாங்கி, 2002-இல் அதன் பெயரையும் எடுத்துச் சூட்டிக்கொண்ட எஸ்சிஓ குரூப் இரண்டாவது. மிரட்டியது இரண்டாவது, மிரட்டலைப் பிறர் காதுகொடுத்துக் கேட்கும்படி செய்த நற்பெயர் முதலாவது சம்பாதித்தது.

கேள்வி: அப்பாவும் மகனும் அப்படி என்னதான் விற்றார்கள்?

பதில்: இயங்குதளம் விற்றார்கள், அதாவது, கணினியின் நினைவகம், வட்டு, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுத்து, மற்ற மென்பொருள்கள் ஓடுவதற்கு வழிசெய்யும் அடிப்படை மென்பொருளை விற்றார்கள். அவர்கள் கையாண்ட யூனிக்ஸ் என்ற இயங்குதளம், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவாகத் தொடங்கியது. தொலைபேசியைத் தவிர வேறு தொழிலில் இறங்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் நீதிமன்ற ஏற்பாடு ஏடி அண்ட் டி-யின் கையைக் கட்டியிருந்ததால், அது யூனிக்ஸைக் கடைச்சரக்காக விற்க முடியாமல், மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவமான மூலநிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பத் தொகைக்கு உரிமம் வழங்கிவந்தது.

பெரிய கணினிகளுக்கென்றே இருந்த அந்த யூனிக்ஸை மேசைக் கணினிக்குள் இறக்கியதுதான் சான்டா குரூஸ்காரர்களின் தொழில். 1980-களின் பிற்பகுதியில் அவர்களுடைய வாடிக்கையாளரின் கடைக்குள் நுழைந்திருந்தால், பின்னறையில் 386 சில்லு பொருத்திய ஒரே ஒரு கணினியும், அதன் முதுகில் செருகிய பலமுனை அட்டை ஒன்றிலிருந்து புறப்பட்டுச் சுவரோரமாகக் கல்லாவரை ஓடும் கம்பிகளும், ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சொந்தமாக எதையும் கணக்கிடத் தெரியாத ஒரு திரையும் விசைப்பலகையும் கண்ணில் பட்டிருக்கும். எட்டுப் பேர் அல்லது பதினாறு பேர் ஒரே நேரத்தில் பில் போட்டுக்கொண்டிருக்க, அத்தனை பேருக்கும் அந்த ஒற்றைக் கணினி ஈடுகொடுத்தது. அதே விலைக் கணினியில் டாஸ் என்ற இயங்குதளம் ஒருவருக்கு மட்டுமே தலையசைத்த காலம் அது. மருந்துக்கடைகளும் உதிரிபாகக் கடைகளும் உணவகச் சங்கிலிகளும் எஸ்சிஓ-வைத் தேடிவந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேள்வி: இதில் மைக்ரோசாஃப்ட்டுக்கும் பங்கு இருந்தது என்கிறார்களே, அது கட்டுக்கதைதானே?

பதில்: கட்டுக்கதை அன்று. ஏடி அண்ட் டி-யிடம் யூனிக்ஸ் உரிமம் பெற்ற மைக்ரோசாஃப்ட், மூலப்பெயரைப் பயன்படுத்த அனுமதி கிடைக்காததால் ஸெனிக்ஸ் என்று பெயரிட்டு 1980-இல் அதை அறிவித்து, கணினி தயாரிப்போருக்கு மொத்தமாக வழங்கிவந்தது. அதனைப் பல கணினிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து விற்ற கூட்டாளிதான் எஸ்சிஓ. 1987-இல் ஸெனிக்ஸை எஸ்சிஓ-விடமே ஒப்படைத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் ஒதுங்கிக்கொண்டது. எஸ்சிஓ-வில் 20 சதவீதத்துக்குச் சற்றே குறைவான பங்கும் மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு வந்தது. அத்தோடு முடியவில்லை. பழைய ஸெனிக்ஸின் நிரல்வரிகள் யாருக்கும் பயன்படாத காலத்திலும் அவற்றை இயங்குதளத்துக்குள் வைத்திருக்க வேண்டும், அதற்காக மைக்ரோசாஃப்ட்டுக்கு ராயல்டியும் கட்ட வேண்டும் என்று பழைய உடன்படிக்கை ஒன்று வற்புறுத்தியது. எஸ்சிஓ ஐரோப்பிய ஆணையத்தின் கதவைத் தட்டிய பிறகே, 1997-இல் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. பழைய நிரலைக் காட்டிக் காலமெல்லாம் காசு வாங்கலாம் என்ற பாடத்தை எஸ்சிஓ முதலில் படித்தது, கட்டுகிற இடத்தில் நின்று.

கேள்வி: நிறுவனம் உருப்படியாக எதையாவது முதன்முதலாகச் செய்ததா?

பதில்: இணையத்தில் பிட்ஸா விற்றது. 1994-இல் பிட்ஸா ஹட் நிறுவனத்துக்காக எஸ்சிஓ அமைத்துக்கொடுத்த பிட்ஸாநெட் என்ற பக்கத்தில் சான்டா குரூஸ்வாசிகள் பெயரையும் முகவரியையும் தட்டி ஆர்டர் கொடுக்க முடிந்தது. அதற்கு இணைய இணைப்புள்ள கணினி வீட்டில் வேண்டும் என்பதால், அன்றைய நிலையில் தொலைபேசியை எடுத்துக் கடையைக் கூப்பிடுவதே விரைவான வழியாக இருந்தது.

கேள்வி: யூனிக்ஸ் முழுவதையும் எஸ்சிஓ விலைக்கு வாங்கியதா இல்லையா? ஒரே சொல்லில் சொல்லவும்.

பதில்: ஒரே சொல்லில் சொல்ல முடிந்திருந்தால், வழக்கறிஞர்களுக்குப் பல ஆண்டு வருமானம் கிடைத்திராது.

ஏடி அண்ட் டி-யிடமிருந்து 1993-இல் யூனிக்ஸை வாங்கிய நாவெல் என்ற நிறுவனம், இரண்டே ஆண்டில் அது தனக்கு ஒத்துவராது என்று கண்டு 1995 செப்டம்பரில் எஸ்சிஓ-வுடன் விற்பனை ஒப்பந்தம் செய்தது. முழு விலையையும் ரொக்கமாகக் கொடுக்க எஸ்சிஓ-விடம் பணமில்லை. ஆகவே நாவெல் 61 லட்சம் எஸ்சிஓ பங்குகளைப் பெற்றுக்கொண்டதோடு, யூனிக்ஸின் பழைய உரிமங்களிலிருந்து வரும் ராயல்டி முழுவதும் தனக்கே சேர வேண்டும் என்றும், அதை வசூலித்து அனுப்பும் வேலைக்குக் கூலியாக எஸ்சிஓ 5 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதி வாங்கிக்கொண்டது. வீட்டை விற்ற பிறகும் குடித்தனக்காரர்களின் வாடகை பழைய சொந்தக்காரருக்கே போகும், புதிதாக வந்தவர் வாடகை வசூலிக்கும் கணக்குப்பிள்ளை மட்டுமே என்பது போன்ற ஏற்பாடு அது.

ஒப்பந்தத்தோடு இரண்டு பட்டியல்கள் இணைக்கப்பட்டிருந்தன. விற்கப்படும் சொத்துகளைக் கூறும் முதல் பட்டியல், யூனிக்ஸின் எல்லா உரிமைகளும் உடைமையும் எஸ்சிஓ-வுக்கு என்று தாராளமாகப் பேசியது. விற்கப்படாத சொத்துகளைக் கூறும் இரண்டாம் பட்டியலோ, யூனிக்ஸ், யூனிக்ஸ்வேர் என்ற இரு வணிகக்குறிகள் நீங்கலாக மற்ற எல்லா வணிகக்குறிகளையும், கூடவே எல்லாப் பதிப்புரிமைகளையும் நாவெலிடமே நிறுத்திவைத்தது. பதிப்புரிமை என்பது நிரலைப் படியெடுக்கவும் பிறர் படியெடுப்பதைத் தடுக்கவும் சட்டம் தரும் அதிகாரம். அது கையில் இல்லாமல் மென்பொருளுக்குச் சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஊர்மீது வழக்குப் போட முடியாது. வேடிக்கை என்னவென்றால், தாராளமாக விட்டுக்கொடுக்கப்பட்டதாகத் தோன்றும் யூனிக்ஸ் என்ற வணிகக்குறியைத் தர நிர்ணய அமைப்பான எக்ஸ்/ஓப்பனிடம் ஒப்படைப்பதாக நாவெல் 1993-இலேயே ஏற்பாடு செய்திருந்தது.

கேள்வி: இத்தனை பெரிய ஓட்டையை யாருமே கவனிக்கவில்லையா?

பதில்: 1996 அக்டோபரில் ஒரு திருத்தம் எழுதினார்கள். எஸ்சிஓ தன் உரிமைகளைப் பயன்படுத்துவதற்குத் தேவைப்படும் பதிப்புரிமைகள் மட்டும் விலக்குப் பட்டியலில் அடங்காது என்பது அதன் சாரம். எவை தேவைப்படும், எவை தேவைப்படா என்பதை அத்திருத்தம் சொல்லவில்லை. ஓட்டையை அடைக்கக் கூப்பிட்ட கொத்தனாரே இன்னொரு ஓட்டை போட்டுவிட்டுப் போனதாகச் சட்டம் படித்தோர் கருதினால் அவர்களைக் குறைசொல்ல இயலாது.

கேள்வி: கால்டெரா எங்கிருந்து முளைத்தது?

பதில்: யூனிக்ஸை ஏடி அண்ட் டி-யிடம் வாங்கியபோது நாவெலின் தலைவராக இருந்த ரே நூர்டாவின் முதலீட்டில், பிரையன் ஸ்பார்க்ஸ், ரான்சம் லவ் முதலிய முன்னாள் நாவெல் ஊழியர்களால் முளைத்தது. லினக்ஸை நிறுவனங்களுக்கேற்பத் தொகுத்து விற்பதே அதன் நோக்கம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த லினக்ஸ், யூனிக்ஸைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தந்தால் அதே நிபந்தனையில் தர வேண்டும் என்ற பொது உரிமத்தில் வெளியாவது.

இலவசமாகக் கிடைப்பதை விற்பது கடினமான தொழில் என்பதால், கால்டெராவுக்குப் பெருந்தொகை வந்தது வேறொரு வழியில். டிஆர்-டாஸ் என்ற பழைய இயங்குதளத்தை 1996-இல் நாவெலிடம் வாங்கிய கையோடு, அதன் சந்தையை நியாயமற்ற முறையில் நசுக்கியதாக மைக்ரோசாஃப்ட்மீது கால்டெரா வழக்குத் தொடுத்தது. 2000 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. நெடுநாள் இரகசியமாக இருந்த சமரசத் தொகை 28 கோடி டாலர் என்று 2009-இல் வெளிவந்தது. டிஆர்-டாஸை விற்று இத்தொகையை ஈட்ட எத்தனை யுகம் ஆகியிருக்குமோ தெரியாது. பழைய இயங்குதளத்தை வாங்குவது ஓட்டுவதற்காக அன்று, வழக்குப் போடுவதற்காக என்ற எண்ணம் யூட்டாவில் அப்போதே வேர்பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் விற்ற நிறுவனமே லினக்ஸைப் பழிப்பதா? மனசாட்சி இடங்கொடுத்ததா?

பதில்: கணக்குப் புத்தகம் இடங்கொடுத்தது. பழைய எஸ்சிஓ-வின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த வேளையில் அத்தொழிலை வாங்கிய கால்டெராவுக்கு, 2002-இல் டார்ல் மெக்பிரைடு தலைவராக வந்தார். 2003 மார்ச்சில் எஸ்சிஓ குரூப் ஐபிஎம்மீது வழக்குத் தொடுத்தது. யூனிக்ஸ் உரிமத்தின்கீழ் கிடைத்த இரகசியங்களை ஐபிஎம் லினக்ஸுக்குள் கொட்டிவிட்டது என்பது புகார். கேட்ட இழப்பீடு 100 கோடி டாலர். லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவிடப்போவதாக அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஐபிஎம் பறைசாற்றியிருந்ததால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. பின்னர் அது 500 கோடிவரை வளர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் சுமார் 1,500 பெருநிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. லினக்ஸ் ஓடும் கணினியின் ஒவ்வொரு செயலிக்கும் 699 டாலர் கட்டினால் வம்பு வராது என்ற அறிவிப்பும் தொடர்ந்தது.

கேள்வி: திருட்டுப்போன நிரலைக் காட்டினார்களா?

பதில்: காட்டினார்கள், கிரேக்க எழுத்தில். 2003 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த கூட்டத்தில், யூனிக்ஸிலும் லினக்ஸிலும் ஒரேமாதிரி இருப்பதாகச் சொல்லப்பட்ட வரிகள் திரையில் போடப்பட்டன. இரகசியம் காக்க வேண்டுமே என்பதற்காக, அவற்றின் ஒரு பகுதி மட்டும் கிரேக்க எழுத்துருவுக்கு மாற்றப்பட்டிருந்தது. மொழியை மாற்றவில்லை, எழுத்துருவை மட்டுமே மாற்றினார்கள். ஆகவே புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் நேரான ஆங்கில எழுத்தைப் போட்டவர்களுக்கு மூலவரிகள் அப்படியே கிடைத்துவிட்டன. திறந்தமூல இயக்கத்தவரான புரூஸ் பெரென்ஸ் அவற்றின் பூர்விகத்தை ஆராய்ந்தார். ஒரு துண்டு, நினைவகத்தை ஒதுக்கும் மிகப் பழைய யூனிக்ஸ் நிரலிலிருந்து வந்தது. அந்தப் பழைய யூனிக்ஸ் பதிப்புகளை யாரும் பயன்படுத்தலாம் என்று 2002 ஜனவரியில் தாராள உரிமத்தில் வெளியிட்டிருந்தது கால்டெராவேதான். மற்றொரு துண்டு, பிணையத்தில் வரும் தரவுப் பொட்டலங்களை வடிகட்டும் முறையைச் சார்ந்தது. அம்முறை எஸ்சிஓ-வின் ஆக்கமன்று, கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது.

கேள்வி: இவர்களுக்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டா?

பதில்: உண்டு. மைக்ரோசாஃப்ட்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் உரிமக் கட்டணம் செலுத்தின. பேஸ்டார் என்ற முதலீட்டு நிறுவனத்தின் முயற்சியில் 5 கோடி டாலர் முதலீடும் வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஓரிரு டாலரில் கிடந்த பங்கு அக்டோபரில் 20 டாலரை எட்டியது; நிறுவனம் முதன்முறையாக ஆண்டு இலாபமும் காட்டியது.

கேள்வி: நீதிமன்றம் கடைசியில் என்ன சொன்னது?

பதில்: நீதிபதி டேல் கிம்பல் 2005-லேயே, வெளியில் முழங்கிய அளவுக்கு ஆதாரம் உள்ளே வந்துசேரவில்லையே என்று வியந்தார். இதற்கிடையில் நாவெல் எழுந்து, பதிப்புரிமை தன்னிடமே இருக்கிறது என்று அந்த இரண்டாம் பட்டியலைச் சுட்டிக்காட்ட, எஸ்சிஓ குரூப் 2004-இல் நாவெல்மீதும் வழக்குப் போட்டது. பதிப்புரிமை நாவெலுடையதே என்று 2007 ஆகஸ்ட் 10 அன்று கிம்பல் தீர்ப்பளித்தார். அத்தோடு, கணக்குப்பிள்ளை வசூலித்து அனுப்பாமல் வைத்திருந்த ராயல்டி எவ்வளவு என்பதை முடிவுசெய்ய செப்டம்பர் 17, திங்கட்கிழமை விசாரணை தொடங்க இருந்தது; அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எஸ்சிஓ குரூப் திவால் பாதுகாப்புக் கோரி மனுக் கொடுத்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பின் ஒரு பகுதி திரும்பி வந்ததால், பதிப்புரிமைக் கேள்வி ஜூரியிடம் போயிற்று. ஜூரியும் 2010 மார்ச் 30 அன்று நாவெல் பக்கமே நின்றது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கேள்வி: அப்பாடா, கதை முடிந்ததா?

பதில்: முடியவில்லை. மென்பொருள் தொழிலை 2011-இல் அன்எக்ஸிஸ் என்ற நிறுவனம் வாங்கி, பிறகு தன் பெயரை ஸினுவோஸ் என்று மாற்றிக்கொண்டது. திவாலான நிறுவனத்திடம் எஞ்சிய சொத்து ஐபிஎம்மீதான வழக்கு ஒன்றுதான். அந்த வழக்கு 2021-இல் சமரசத்துக்கு வந்தபோது திவால் அறங்காவலர் ஒப்புக்கொண்ட தொகை 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கேட்டதோ 500 கோடி. அதே 2021 மார்ச்சில் ஸினுவோஸ் அமெரிக்க வெர்ஜின் தீவுகளின் நீதிமன்றத்துக்குச் சென்று, ஐபிஎம்மீதும், ஐபிஎம் 2019-இல் வாங்கிய லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்மீதும் புதிய வழக்குத் தொடுத்தது. தன் நிரலை ஐபிஎம் திருடிவிட்டது என்பதும் அதிலுள்ள புகார்களில் ஒன்று.