பாவலர் பிரதர்ஸ்: பதினெட்டு வருட ஒத்திகை

சேர்வராயன் மலைக்குக் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காபிச் செடியைக் கொண்டுவந்து, ஏற்காட்டுக்காரர்களின் காலைப்பொழுது இனி எப்படி விடிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போனார். இன்று அந்த மலையில் கிடாரும் கையுமாக உட்கார்ந்து, சொந்தமாக ஒரு பேண்டு தொடங்கி ஆல்பம் போடப்போகிறேன் என்கிற பையனிடம் உன் முன்னோர் யாரப்பா என்று கேட்டால், லிவர்பூல் பக்கம் கையைக் காட்டுவான். அவ்வளவு தூரம் போவானேன்? தென்மேற்கே திரும்பினால் போதும். அங்கேயும் மலை, அங்கேயும் எஸ்டேட். காபிக்குப் பதில் தேயிலை, கலெக்டருக்குப் பதில் கம்யூனிஸ்ட் கட்சி.

1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு வந்தார். மறு வருஷமே தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். ஓட்டுப் போட வேண்டியவர்களில் பெரும்பங்கு தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மார்க்ஸைப் பிரித்து மேய்ந்து விளக்கினால் கொழுந்து பறித்துக் களைத்தவர் தூங்கிவிடுவார். பாடினால் எழுந்து உட்காருவார். பாட வந்தவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். சினிமா மெட்டில் கட்சி வரிகளைப் பொருத்தி, சர்க்காரைக் கிண்டலடித்து, கூட்டத்தைச் சிரிக்கவைத்தே ஓட்டை வாங்கிவிடுகிற ஆசாமி. ரோசம்மா ஜெயித்தார். அதில் பாதிப் பெருமை ஆர்மோனியத்துக்கு என்று தோழர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆர்மோனியத்துக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தார்களா என்பது வேறு விஷயம்.

பாவலர் தம்பிகளோடு நடத்திய பேண்டுதான் 'பாவலர் பிரதர்ஸ்'. அண்ணன் நடத்தும் பேண்டில் ஜனநாயகம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தம்பிகள் உள்ளவர்களுக்குத் தெரியும். உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்று மேடையில் முழங்கிய அதே அண்ணன், வீட்டில் தம்பி ஆர்மோனியத்தைத் தொட்டால் கையிலேயே அடிப்பார். உற்பத்திச் சாதனம் முழுக்க முழுக்க ஒருவர் கையில்! ஒரு சமயம் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அம்மா சின்னத்தாயி தம்பி ராசையாவையும் கூட்டிப்போகச் சொன்னார். பையனுக்குப் பதினான்கு வயது, பெண் குரல். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. அப்புறம் வயசு தன் வேலையைக் காட்டியது. குரல் உடைந்தது, பேண்டின் பாடகி சொல்லாமல் கொள்ளாமல் ரிட்டையர் ஆகிவிட்டார். ராசையா ஆர்மோனியத்துக்கு மாறினார். தமிழ் சினிமா அந்த மகரக்கட்டுக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்.

பண்ணைப்புரத்துக்கு மலேரியா ஒழிக்க வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர், பெயர் சின்னசாமி. கொசுவை விரட்டியதைவிட நாடகத்தை விரட்டிப் பிடித்ததுதான் அதிகம். அவர் முதலில் சென்னைக்குக் கிளம்பினார். அவரை நம்பி 1968-ல் பாஸ்கர், ராசையா, அமர் என்ற பாவலரின் தம்பிகளும் கிளம்பினார்கள். முதலீடு நானூறு ரூபாய். அம்மா வீட்டு ரேடியோவை விற்று, தனக்கென்று பத்து ரூபாய்கூட எடுத்துவைக்காமல் கொடுத்த பணம். பாட்டுப் போடப் போகிற பிள்ளைகளுக்காகப் பாட்டுக் கேட்கிற பெட்டியை விற்ற தயாரிப்பாளர் வேறெங்கும் கிடையாது.

சென்னையில் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டர் ராசையாவின் கையில் கிடாரைக் கொடுத்தார், மேற்கத்திய இசைமேதை பாக்கையும் கொடுத்தார். நீளமாக இருந்த பெயரை ராஜா என்று வெட்டியவரும் அவரே. தேவிகுளத்துப் பேண்டின் வாரிசு, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். ஏகாதிபத்தியத்திடம் வாங்கிய மார்க்கைப் பற்றிக் கட்சி விளக்கம் கேட்டதாகத் தகவல் இல்லை. பிறகு இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, கன்னடப் படங்கள் வரிசையாக. இடைவேளையில் வாத்தியக்காரர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, தான் எழுதிய நோட்ஸை நீட்டி, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்களேன் என்பார். வாடகை இல்லாத ஸ்டூடியோ, சம்பளம் இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா. 'டெமோ' எடுக்கக் காசில்லை என்று புலம்பும் ஏற்காட்டுப் பையன் குறித்துக்கொள்ளவும்.

1973-ல் வரதராசன் இறந்துபோனார். பேண்டைத் தொடங்கியவர் அதன் முதல் இசைத்தட்டைப் பார்க்கவில்லை.

அந்தத் தட்டு 'அன்னக்கிளி', 1976. படத்துக்குத் திரைக்கதை எழுதிய பஞ்சு அருணாசலம் முன்னால் நடந்த தேர்வில் ராஜாவிடம் ஆர்மோனியமும் இல்லை, கிடாரும் இல்லை. மேஜையில் தாளம் தட்டிப் பாடினார், அவ்வளவுதான். ரெக்கார்டிங் நாளில் எல்லோரும் வாத்தியத்தோடு தயாராக, ஒன், டூ, த்ரீ சொன்ன நொடியில் கரண்ட் போனது. நல்ல சகுனம் என்று நக்கலடிக்கவும் ஆள் இருந்தது. சினிமாவில் அதற்கு என்றைக்குப் பஞ்சம்?

அடுத்த சிக்கல் பெயர். டைட்டிலில் 'பாவலர் பிரதர்ஸ்' என்று போட ராஜாவுக்கு ஆசை. அது பழைய வாடை அடிக்கிறது என்று பஞ்சு மறுத்துவிட்டார். வெறும் ராஜா என்றால் ஏற்கெனவே பாடகர் ஏ.எம்.ராஜா இருந்தார். முன்னால் ஓர் 'இளைய' ஒட்டினார்கள். பதினெட்டு வருடம் பேண்டாக ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் ஒற்றை ஆளாக வெளியே வந்த கூத்து இது.

தமிழின் முதல் இண்டி பேண்டு எது என்று யாராவது கேட்டால் என் ஓட்டு பாவலர் பிரதர்ஸுக்குத்தான். பழைய வாடை அடித்த அந்தப் பெயரும் சும்மா இருக்கவில்லை. 1981-ல் பாஸ்கர் தயாரித்த 'அலைகள் ஓய்வதில்லை'யில் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பேனராக வந்து உட்கார்ந்தது. இயக்கம், அந்த மலேரியா இன்ஸ்பெக்டர் பாரதிராஜா.