அசல் போலிக்கு நல்ல விலை

அமெரிக்கக் கௌபாய் என்றால் தொப்பிக்கு அடுத்து நினைவுக்கு வருவது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இடுப்பில் மின்னும் பித்தளை பக்கிள். நிஜக் கௌபாய்களில் பலர் கால்சட்டையைத் தோளில் மாட்டும் சஸ்பெண்டரை நம்பிப் பிழைத்தவர்கள். லீவைஸ் தன் ஜீன்ஸில் பெல்ட் கோக்க வளையம் வைத்ததே 1922-இல்தான். பெரிய பக்கிளை மாட்டிவிட்ட புண்ணியம் ஹாலிவுட்டைச் சேரும்.

பழைய பக்கிள் சேகரிப்பாளரிடம் இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள், எடுபடாது.

1960களில் லண்டன் சந்தைகளில் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ அமெரிக்க பக்கிள்கள் திடீரென்று முளைத்தன. ஒன்றில் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் பெயர், இன்னொன்றில் கோகோ கோலா. பின்பக்கம் டிஃப்பனி முத்திரை. அந்த நியூயார்க் நகைக்கடையின் சரக்கு லண்டனில் ஏன் குவிகிறது என்று யாராவது கேட்டுவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. பெர்சி சைபர்ட் என்ற பெயரில், 1950-இல் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு புத்தகம், படமும் விவரமுமாக. பக்கிள் போலி, அதற்குச் சாட்சி சொன்ன புத்தகமும் போலி! கள்ள நோட்டு அடிப்பவர்கூட ரிசர்வ் வங்கி பெயரில் விளக்கவுரை எழுதுவதில்லை. உழைப்பை மெச்சத்தான் வேண்டும்.

1973-இல் டங்கன் கேம்ப்பெல் என்ற அமெரிக்கர் இந்தப் புதுப் பழசுகளை அம்பலப்படுத்தித் தனி நூலே போட்டார். அத்தோடு சந்தை படுத்திருக்க வேண்டும் அல்லவா?

இல்லை. இன்று அந்தப் போலிகளையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடியும் கையுமாக அவர்கள் ஆராய்வது ஒன்றைத்தான்: இது அந்தக் காலத்து அசல் போலியா, பின்னால் வந்த நகலா?