லேண்டு வரலையாம்ல லேண்டு!

வாலே பேராண்டி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னைக்கும் தோத்துட்டுத்தான் வாரே. யாரைக் குத்தம் சொல்லப்போறே? சீட்டையா, கலைச்ச கையையா, எதிர்ல உக்காந்த பயலையா? "லேண்டே வரல தாத்தா"ங்கப்போறே. அதானே? லேண்டு சீட்டைச் சாய்ச்சாத்தான் மானாங்கிற சக்தி, அதைக் குடுத்தாத்தான் மத்த சீட்டை எறக்கலாம், எனக்கும் தெரியும்லே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கோணலுக்கு நீங்க இங்கிலீசுல ஒரு பேரு வச்சிருக்கீய, மானா ஸ்க்ரூன்னு. பேரு வச்சிட்டா பழி போயிருமாலே?

முதல்ல அந்தப் பையைப் பிரி, பாப்போம். சீட்டுக்கு ஒரு உறை. உறைக்கு மேல இன்னொரு உறை. அதை வைக்க டப்பா. டப்பாவை வைக்கப் பை. கீழே விரிக்க ஒரு ரப்பர் பாய், அதுல ரெக்கை முளைச்ச தேவதை. உசுரை எண்ண இருபது முகத்துல ஒரு பகடை. நல்லாத்தாம்ல இருக்கு. இதுல எது உனக்கு ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்துது?

உறை வேணாம்னு சொல்லல. வேணும். ஒரு உறை மட்டும் நைஞ்சு கெடந்தா, அடையாளம் வச்ச சீட்டுன்னு நடுவர் பிடிச்சிருவாரு. எல்லாம் ஒண்ணுபோல, கிழியாம இருந்தாச் சரி. அதுக்கு மேல உள்ளதெல்லாம் கடைக்காரனுக்கு நல்லது.

இந்த மேஜிக் த கேதரிங் ஆட்டத்தை உண்டாக்குனது யாருன்னு தெரியுமா? அமெரிக்காவுல ரிச்சர்ட் கார்ஃபீல்டுன்னு ஒரு கணக்கு வாத்தியார். 1993ல விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டுன்னு ஒரு சின்னக் கம்பெனி அச்சடிச்சு வித்துது. கம்பெனிக்காரரு அவர்கிட்ட கேட்டது என்ன? கையில எடுத்துட்டுப் போகணும், சட்டுனு ஆடி முடிக்கணும், ரெண்டு பெரிய ஆட்டத்துக்கு நடுவுல சும்மா இருக்கிற நேரத்துக்கு ஆகணும். அம்புட்டுதான். சட்டைப் பையில போட்டுட்டுப் போறதுக்குன்னு செஞ்ச ஆட்டத்துக்கு, நீ சக்கரம் வச்ச பெட்டி இழுத்துட்டுப் போறே.

காசு கதையும் கேளு. த ஒன் ரிங்குன்னு உலகத்துக்கே ஒரே ஒரு பிரதியா ஒரு சீட்டு அடிச்சாங்க. போஸ்ட் மலோன்னு ஒரு பாட்டுக்காரரு 2023ல அதை வாங்குனாரு. இருபது லட்சம் டாலர்னு பேச்சு. வாங்கட்டும், அவரு காசு, அவரு ஆசை. நீ எதுக்குலே ஃபாயில் சீட்டுக்கு அப்பன் சம்பளத்தைக் கரைக்கே? லைட்னிங் போல்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கேல்லா, அது 1993லருந்து ஒரே வேலைதான் பாக்குது. ஒரு சிவப்பு மானா குடுத்தா மூணு அடி. பளபளன்னு இருந்தா நாலாவது அடி விழுமா? பாப்பர்னே ஒரு பிரிவு இருக்கு. காமன் சீட்டு மட்டுந்தான் அதுல செல்லும். இந்த போல்ட்டும் உண்டு, எதிராளி விடுற சீட்டை மறிக்கிற கவுண்டர்ஸ்பெல்லும் உண்டு. ஆட்டம் படிக்க அது பத்தாதா?

சரி, கட்டை எடு. எத்தனை சீட்டு? எண்பதா? எதுக்குலே எண்பது?

"எல்லாமே நல்ல கார்டு தாத்தா, எதை எடுக்க?" இதைத்தான் எதிர்பாத்தேன். சட்டம் என்ன சொல்லுது? 60க்குக் குறையப்படாது. ஒரே பேருல 4க்கு மேல கூடாது, அடிப்படை லேண்டு தவிர. கூட எத்தனை வேணும்னாலும் வச்சுக்கோன்னு விட்டுட்டான். ஏன் விட்டான்? விவரம் தெரிஞ்சவன் வைக்கமாட்டான்னுதான். கணக்கைப் பாரு. உன் கட்டுல உசத்தியான சீட்டு ஒண்ணு நாலு பிரதி இருக்கு. 60 சீட்டுக் கட்டுன்னா, முதல்ல எடுக்கிற ஏழுல அதுல ஒண்ணாவது வர்றதுக்கு நூத்துக்கு 40. அதையே 80 ஆக்கு. 31ஆ எறங்கிரும். நல்ல சீட்டைச் சேத்துச் சேத்தே நல்ல சீட்டைக் கண்ணுல படாமப் பண்ணிட்டே. கெட்டிக்காரன்தான் போ.

இப்பம் லேண்டு கதைக்கு வாரேன். 60ல 24 லேண்டு வச்சிருக்கே, சரி. ஏழு சீட்டு எடுக்கையில ஒண்ணு வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது. இப்படி ஆகிறது நூத்துக்கு 14. அதாவது ஏழு ஆட்டத்துக்கு ஒண்ணு. ஒளிவு மறைவு இல்ல, எந்தச் சாமியும் உன்மேல கோவிச்சுக்கிடல. எதிர்ல இருக்கிறவனுக்கும் அதே ஏழுல ஒண்ணுதான். அவனுக்கு அப்படி வந்த அன்னைக்கு நீ ஜெயிச்சியே, அன்னைக்கு வீட்டுல வந்து என்ன சொன்னே? "பாவம், அவனுக்கு லேண்டு வரல"ன்னா சொன்னே? மார்த் தட்டிக்கிட்டுல்லா வந்தே!

அப்படி வந்த கையை என்ன செஞ்சேங்கிறதுதான் கேள்வி. ஒரு லேண்டு இருக்கு, மத்த ஆறும் பவுனு பவுனா இருக்கு. வச்சுக்கிட்டே. அடுத்த ரெண்டு இழுப்பும் லேண்டா வர்றதுக்கு வாய்ப்பு எம்புட்டு? நூத்துக்கு 18. அஞ்சு தடவைக்கு ஒண்ணுகூடத் தேறாது. இதை நம்பி ஒருத்தன் கை வைப்பானாலே? கட்டுல திருப்பிப் போட்டு வேற கை எடு. மல்லிகன்னு எதுக்குச் சட்டம் வச்சிருக்கான்? அதையும் 2019ல இளக்கிக் குடுத்துட்டான். எத்தனாவது தடவை எடுத்தாலும் முழுசா ஏழு எடு, எத்தனை தடவை திருப்புனியோ அத்தனை சீட்டை நீயே பாத்துப் பொறுக்கிக் கட்டுக்கு அடியில வச்சிரு. இன்னும் என்ன வேணும்? ஒரு சீட்டுக் குறையுதேன்னு வயித்தெரிச்சல் படுதே. லேண்டில்லாம ஆறு சீட்டு கையில சும்மா கெடந்து பொசுங்குதே, அது குறைவில்லையா?

இன்னொரு வித்தை பாத்தேன். கலைக்கிறதுக்கு முந்தி ஒரு லேண்டு, ரெண்டு மத்த சீட்டுன்னு சரம் தொடுக்கிறது. எதுக்குன்னா, "லேண்டெல்லாம் ஒரே எடத்துல ஒட்டிக்கிடாம இருக்கத்தான்." நான் ஒண்ணு கேக்கேன். அடுக்குன பொறவு நல்லாக் கலைச்சேன்னா அடுக்குனது வீணு. கலைக்கலேன்னா அது களவு. ரெண்டுல நீ எது? பாயில குவியல் குவியலாப் போட்டுச் சேக்கிறதும் அப்படித்தான். சீட்டை எண்ணத்தான் அது ஒதவும். கலைச்ச கணக்குல சேராது. டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ்னு ரெண்டு கணக்குப் புலிங்க 1992ல எழுதி வச்சிருக்காங்க. 52 சீட்டுக் கட்டை ரெண்டு பாதியாப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரசரன்னு விட்டா, ஏழு தடவையில ஓரளவு நல்லாக் கலைஞ்சிரும். உன்னுது 60. கூட ரெண்டு தடவை விடு. கை தேஞ்சா போயிரும்?

இனி ஆட்டத்துக்குள்ள வா. இங்கதான் உன் மானம் போவுது.

மைக் ஃபுளோரஸ்னு ஒருத்தரு 1999ல ஒரு கட்டுரை எழுதுனாரு. இன்னைக்கும் பெரிய ஆட்டக்காரனெல்லாம் அதைப் படிச்சிட்டுத்தான் வாரான். விசயம் இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒருத்தன் பாயணும், இன்னொருத்தன் தாங்கணும். நீ எந்தப் பக்கம்னு தெரியாம ஆடுனா, அங்கேயே தோத்தே. நம்ம ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக்கோ. மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி வெட்டப் பாக்கும், ஆடு வளைச்சுக் கட்டப் பாக்கும். ஆடு வச்சிருக்கிறவன் வெட்டப் பாஞ்சா என்ன ஆகும்? அங்க ஒரு வசதி, எது ஆடு எது புலின்னு காயே சொல்லிரும். மேஜிக்குல யாரும் சொல்லமாட்டாங்க. போன ஆட்டத்துல புலியா இருந்தவன் இந்த ஆட்டத்துல ஆடு. சில நேரம் பாதி ஆட்டத்துலயே மாறும். ரெண்டு பேரும் ஒரே கட்டை வச்சிருந்தாக்கூட ஒருத்தன் ஆடுதான்.

எப்படிக் கண்டுபிடிக்க? உன்னையே கேளு. ஆட்டம் இழுத்துக்கிட்டே போனா யாரு ஜெயிப்பா? நீயின்னா, பொறுமையாத் தாங்கு, அவசரப்படாதே. அவன்னா, இப்பமே அடி, தேதி தள்ளாதே. நீ என்ன செய்யுதே? இழுத்தா ஜெயிக்கிற கட்டை வச்சுக்கிட்டு முதல் ஆளாப் பாயுதே. பாஞ்சு ஜெயிக்கவேண்டிய கட்டை வச்சுக்கிட்டு, உசுரு குறையுதேன்னு அஞ்சி ஒதுங்குதே. 20 உசுரு குடுத்திருக்கான். அதுல 19 போனாலும் ஆட்டம் போகலலே. கடைசியா ஒண்ணு மிச்சம் இருந்தாலும் ஜெயிச்சவன் ஜெயிச்சவந்தான். மூணு உசுரு போயிரக்கூடாதுன்னு நல்ல மிருகத்தைக் குறுக்கே விட்டுச் சாகக் குடுக்கே. கஞ்சத்தனத்தைக் காட்டுற எடம் அதுவா?

அப்பொறம் உனக்குக் கையரிப்பு. சண்டைக்கு முந்தியே கையில உள்ளதெல்லாத்தையும் தரையில எறக்கிருதே. எதிராளி அதைப் பாத்துட்டு நிதானமாத் தடுக்கான். சண்டை முடிஞ்ச பொறவும் எறக்கலாம், இன்னொரு மெயின் ஃபேஸ் இருக்கு, சட்டத்துலயே எழுதியிருக்கு. மானாவை மிச்சம் வச்சிட்டு அடிச்சுப் பாரு. என்ன ஒளிச்சிருக்கானோன்னு அவன் வேர்ப்பான். உன் கையில ஒண்ணுமே இல்லேன்னாலும் வேர்ப்பான்.

அதே நேரம் அவன் பக்கத்தையும் பாரு. ரெண்டு தீவு லேண்டை சாய்க்காம நிமித்தி வச்சுக்கிட்டு, ஒண்ணுமே செய்யாம "உன் முறை"ங்கான். தூக்கமா அவனுக்கு? தீவு ரெண்டுன்னா நீல மானா ரெண்டு, அப்படின்னா கவுண்டர்ஸ்பெல்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீ இருக்கிறதுலயே பெரிய சீட்டைக் கொண்டுபோய் அதுல விட்டுட்டு, "எப்படித்தான் அவன் கையில இருந்துதோ"ங்கே. முதல்ல சின்னதை ஒண்ணு விட்டுப் பாத்தா என்னலே?

கட்டை நெட்டுல பாத்துக் காப்பியடிக்கிறதை நான் தப்புன்னு சொல்லல. அவன் ஆயிரம் ஆட்டம் ஆடிச் சலிச்சு எடுத்தது, உன் புத்திக்குத் தோணினதைவிட நல்லாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வகைக் கிறுக்கனுவ இருக்கானுவ. ஒருத்தன் காப்பியடிச்ச அன்னைக்கே "என் ஸ்டைல்"னு பன்னெண்டு சீட்டை மாத்துவான். இன்னொருத்தன் வாரத்துக்கு ஒரு கட்டு மாத்துவான். மெட்டா மாறிட்டாம், அதாவது ஊரு ஆடுற கட்டு மாறிட்டாம்! மெட்டா மாறுனா நீ ஏம்லே மாறுதே, நீ இன்னும் பழைய கட்டையே ஆடிப் பழகலையே? ஒரு கட்டைப் பிடி. மாசக் கணக்கா அதையே ஆடு. எந்தச் சீட்டு ஏன் இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். பொறவு மாத்து.

சைடுபோர்டுன்னு 15 சீட்டு தனியா வச்சிருக்கேல்லா, அதை யாராவது பழகுதீயளா? மூணுல ரெண்டு ஜெயிக்கணும்ங்கிற போட்டியில முதல் ஆட்டம் மட்டுந்தான் அது இல்லாம. ரெண்டாவது, மூணாவது எல்லாம் அதைச் சேத்துத்தான். ஆகக்கூடி பாதிக்குக் குறையாம சைடுபோர்டு போட்ட ஆட்டந்தான். வீட்டுல பழகுறதோ முதல் ஆட்டத்தை மட்டும். பரீட்சையில பாதிப் பாடம் படிக்காமப் போறவனை என்னன்னு சொல்லுவே? எந்தக் கட்டுக்கு எதிரா எதை எடுத்து எதைப் போடணும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கோ. ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல அதைப் பாத்துக்கிடலாம், சட்டம் விடுது. ஆனா பெருமை விடாதே உன்னை!

நேரமும் பாத்துக்கோ. ஒரு போட்டிக்கு 50 நிமிசம். ஜெயிச்சா 3 புள்ளி, சமன்னா 1. மோட்டைப் பாத்து யோசிச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு புள்ளி கரைஞ்சிரும்.

கடைசியா ஒண்ணு. ஜெர்மனியில காய் புட்டேன்னு ஒருத்தரு, ப்ரோ டூர்ங்கிற பெரிய போட்டியில ஏழு பட்டம் வாங்குனவரு. அந்த ஒசரத்துல உள்ளவனுவளே மொத்தக் கணக்குல பத்துக்கு ஆறு, ஆறரை ஜெயிச்சாப் பெரிசு. நீ ரெண்டு தோத்துட்டு சீட்டை வீசுதே. தோத்த ஆட்டத்தை எவனாவது நல்லா ஆடுறவன்கிட்டக் காட்டி, "நான் எங்க சறுக்குனேன்?"னு கேளு. லேண்டு வராததைப் பத்திப் பேச்செடுக்காதே. நீ செஞ்சதைப் பத்தி மட்டும் கேளு. வலிக்கும். கேளு.

நாளைக்குப் போட்டியா? அப்ப இன்னைக்கு ராத்திரி கட்டைப் பிரிச்சு மேயாதே. அந்த இருபது சீட்டை உருவிப் போட்டுட்டு, சோத்தைத் தின்னுட்டு, போய்ப் படு.