அம்மாமாரின் படங்கள்

கேள்வி: ஜார்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ நாவலில் வரும் கொடுங்கோல் நாட்டுக்கும் நமது வாழ்க்கைக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகி, கல்லடி

பதில்: 1949இல் வந்த அந்த நாவலில், பிடித்துக்கொண்டுபோன ஆளின் பெயரைப் பழைய பத்திரிகையில்கூட விட்டுவைக்க மாட்டார்கள். அப்படி அழிப்பதுதான் கதாநாயகன் வின்ஸ்டனின் உத்தியோகம். ஆளும் கட்சியின் பொய்க்குச் சாட்சியாக ஒரு படம் அவன் கைக்கு வருகிறது. பத்து நிமிடம் பயந்து நடுங்கிவிட்டு, தானே நெருப்புக்குக் கொடுத்துவிடுகிறான்.

இங்கே, 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது. ஆளைக் காணாமலாக்குவதில் ஓர்வெல்லின் கற்பனை நம்மை மிஞ்சவில்லை. வித்தியாசம் நம் அம்மாமாரில் இருக்கிறது. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் லேமினேற் செய்த படத்தை நெஞ்சோடு அணைத்தபடி மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு வருகிறார்கள். வின்ஸ்டன் பத்து நிமிடம் தாங்காததை இவர்கள் முப்பது வருடத்துக்கு மேலாகப் பிடித்திருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்களின் முகத்துக்கு நேரே!