பனியனும் பாட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஸ்கா-பங்க்னு பேரன் வீட்டையே அதிர விடறானுங்க. அது என்ன கருமம்? (வாசகர், நரசீபுரம்)

ப: கருமம் இல்லைங்க, ஜமைக்கா. 1950களின் கடைசியில் அங்கே பிறந்தது ஸ்கா. நாம் தாளம் போடும் இடத்தில் கிட்டார் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு தட்டுக்கு நடுவே 'சக்' என்று விழும். கால் சும்மா இருக்காது. 1980களில் அமெரிக்கப் பையன்கள் அதோடு பங்க் இசையின் வேகத்தையும் கத்தலையும் சேர்த்தார்கள். ஸ்காவின் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் வேலை இழக்கவில்லை. உங்கள் காதுதான் இழந்தது.

கே: இந்தக் கூத்துல ரொம்ப நாள் நின்ன குழு உண்டா? (வாசகி, மாதம்பட்டி)

ப: மிச்சிகனில் 1991இல் தொடங்கிய மஸ்டர்ட் பிளக் இன்னும் ஊதுகிறது. ஒன்பது ஆண்டு இடைவெளி விட்டு 2023இல் புது ஆல்பம் போட்டார்கள். பேர், 'வேர் டிட் ஆல் மை ஃப்ரெண்ட்ஸ் கோ?' சிநேகிதர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்க 32 வருஷக் குழுவுக்கு உரிமை உண்டு. விடை நமக்கே தெரியும்: கல்யாணம், கடன் தவணை, முதுகுவலி.

கே: அப்ப நீடிச்சாத்தான் பேரா? (வாசகர், ஆலாந்துறை)

ப: இல்லை. ஆபரேஷன் ஐவி என்ற ஸ்கா-பங்க் குழு 1987 முதல் 1989 வரை இரண்டே வருஷம் இருந்தது. ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றே ஒன்று. இன்றும் பேசுகிறார்கள். சீக்கிரம் கலைந்தால் புகழ். நீடித்தால் குழுவில் அத்தனை பேருக்கும் சாப்பாட்டுச் செலவு.

கே: ஆல்பத்துல காசு வருமா? (வாசகர், தேவராயபுரம்)

ப: 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை சல்லிக்காசு தருவதில்லை. கச்சேரி வாசலில் குழுவின் பேர் போட்ட பனியன் விற்றால்தான் வண்டிக்கு டீசல். அந்தப் பனியன் திருப்பூர் சரக்காக இருந்தால், ஸ்காவில் கொங்கு நாட்டுக்கும் பங்கு வந்துவிடும்.

கே: நம்ம நாட்டுல யாருமே இல்லையா? (வாசகி, பூளுவபட்டி)

ப: டெல்லியில் 2009இல் தொடங்கிய 'தி ஸ்கா வெஞ்சர்ஸ்' உண்டு, முதல் ஆல்பம் 2012இல் வந்தது. டெல்லி தூரம் என்றால் நம்ம கொங்கு மேளக் குழுவான ஜமாப் செட்டைப் பாருங்கள். கம்பெனி கிடையாது, தயாரிப்பாளர் கிடையாது. மேளமும் சீருடையும் சொந்தக் காசு. நோம்பி நோட்டீசில் ஒருத்தர் பேரும் இருக்காது. அடி விழுந்ததும் பந்தியில் உட்கார்ந்தவரும் எழுந்துவிடுவார். சுயேச்சைக் குழு என்றால் இதுதானுங்க. ஆல்பம் மட்டும்தான் பாக்கி.

கே: பையன் ட்ரம்பெட் கேக்கறான். வாங்கித் தரலாமா? (வாசகர், தொண்டாமுத்தூர்)

ப: தாராளமாக. குருவைத் தேடி ஜமைக்கா போக வேண்டாம், கோவையில் நல்ல பேண்டு வாத்தியம் வைத்த கல்யாணம் ஒன்றுக்குப் போனால் போதும். முதல் ஆறு மாசம் மட்டும் தோட்டத்துச் சாளையில் ஊதச் சொல்லுங்கள். பிறகு அவன் குழு ஆரம்பித்தால், அப்பா என்கிற உரிமையில் பனியனை ஓசியில் கேட்காதீர்கள்.