பெர்லினுக்குப் போற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, விசா வந்துட்டாம்லா? பெர்லினாம். சந்தோசம். உங்க ஆச்சி பருப்புப்பொடி இடிச்சு முடிச்சுட்டா. நான் குடுக்கதுக்கு வாயை விட்டா என்ன இருக்கு? உங்க அத்தை அங்ஙன குடியிருந்தப்போ கோடையிலயும் போயிருக்கேன், மார்கழியிலயும் போயிருக்கேன். உக்காரு. அந்தப் போனைக் கவுத்தி வை.

மொதல்ல உனக்குப் பிடிச்ச சங்கதி. அங்ஙன 1902லருந்து பாதாள ரயில் ஓடுது. ஸ்டேசன்ல கேட்டு கிடையாது, கம்பித் தடுப்பு கிடையாது, சீட்டு எங்கன்னு கேக்க ஆளு கிடையாது. படியில எறங்கு, ரயில் வந்தா ஏறு. 'ஓசி போலுக்கு'ன்னு உன் மொகம் இப்பமே மலருது பாத்தியா! கோவில்பட்டி பஸ்ஸுல படிக்கட்டுலயே தொங்கி, கண்டக்டர் பின்பக்கம் வாரதுக்குள்ள எறங்கிப் போன வித்தைக்காரன்லா நீ. தாராளமா ஏறு. கொஞ்ச தூரம் போனதும், காதுல ஹெட்செட்டும் கால்ல நஞ்ச ஜீன்ஸுமா பக்கத்துல நிக்கானே ஒரு பய, அவன் சட்டைக்குள்ளருந்து ஒரு அட்டையை எடுப்பான். அவன்தான் செக்கிங். அதுவரைக்கும் கம்மாயில கொக்கு நிக்க மாதிரி அசையாம நிப்பான். அபராதம் 60 யூரோ. சீட்டு வாங்கியிருந்தாலும் மெசின்ல முத்திரை குத்தலைன்னா அதே 60 யூரோதான். 'ஊருக்குப் புதுசு ஐயா'ன்னு அழுது பாரு. தலையை ஆட்டி ஆட்டிக் கேப்பான், கேட்டுக்கிட்டே ரசீது போடுவான். நம்ம கண்டக்டராச்சும் நாலு வசவு வஞ்சு எறக்கிவிட்டுட்டுப் போயிருவாரு.

ரோட்டைத் தாண்டுததும் நீ புதுசாத்தான் படிக்கணும். ராத்திரி பதினோரு மணி இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரு வண்டி வராது. ஆனாலும் சிக்னல்ல செவப்பு மனுசன் எரிஞ்சா ஆளுக நிப்பாவ. தாண்டிப் போயி போலீசுல மாட்டுனா 5 யூரோதான், அது போயிட்டுப் போவுது. ஓரத்துல சின்னப் பிள்ளையக் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆத்தா நிப்பா. பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கையில இப்படிப் பண்ணலாமான்னு தெருவே கேக்கச் சத்தம் போடுவா. அந்த மானக்கேட்டுக்கு ரசீது கிடையாது.

அந்த செவப்பு மனுசன் தலையில தொப்பி இருக்கும் பாரு. 1961ல கார்ல் பெக்லாவ்னு ஒருத்தர் கிழக்கு பெர்லினுக்கு வரைஞ்சு குடுத்தது. அதே வருசம்தான் ஊருக்கு நடுவுல சுவரும் எழும்புச்சு. 1989ல சுவரு விழுந்துட்டு. பெறவு இந்தத் தொப்பிக்காரனையும் கழட்டிருவோம்னு பாத்திருக்காவ. ஜனங்க விடமாட்டோம்னுட்டாவ. இப்போ மேக்குப் பக்கத்துலயும் அவன்தான் நிக்கான். ஒரு நாடே இல்லாமப் போச்சு, 'நில்லு'ன்னு சொல்லுத பொம்மையை மட்டும் போராடிக் காப்பாத்தி வச்சிருக்காவ. இந்த ஜனங்க கூடத்தாம்லே நீ குப்பை கொட்டப் போறே. அந்தக் குப்பையையும் தாளு தனி, கண்ணாடி தனி, காய்த்தொலி தனின்னு பிரிச்சுத்தான் கொட்டணும்.

ஞாயித்துக்கிழமைக்கு வாரேன். கடை கிடையாது. இன்னைக்கு நேத்து வந்த வழக்கம் இல்ல. ஞாயிறு ஓய்வு நாளுன்னு 1919 அரசியல் சட்டத்துல எழுதினாவ, 1949ல புதுச் சட்டம் எழுதுறப்போ அந்த வரியை அப்படியே எடுத்து உள்ள வச்சுக்கிட்டாவ. நடுவுல ஹிட்லர் வந்தான், ஊரு எரிஞ்சுது, ரெண்டாப் பிரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை மட்டும் அசையல. சனிக்கிழமை பால் வாங்க மறந்தியோ, பெரிய ரயில்வே ஸ்டேசன் கடைக்குத்தான் ஓடணும். உன்னைய மாதிரி மறந்த பயலுக அம்புட்டுப் பேரும் அங்ஙனதான் வரிசையில நிப்பான்.

கடையாவது பரவாயில்ல, சத்தம்தாம்லே கண்டம். அன்னைக்கு ஆணி அடிக்கக் கூடாது, ட்ரில் போடக் கூடாது, காலி கண்ணாடிப் பாட்டிலைத் தெருத் தொட்டியில போடக் கூடாது, 'ணங்'குன்னு கேக்கும்லா. மத்த நாளும் ராத்திரி 10 மணியிலருந்து காலையில 6 மணி வரைக்கும் கமுக்கமா இருக்கணும். மீறினா பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டிச் சண்டைக்கு வருவான்னு நினைக்காத. 'மதிப்புக்குரிய அண்டை வீட்டாரே'ன்னு ஒரு சீட்டு எழுதி மாடிப்படிச் சுவத்துல ஒட்டிட்டுப் போயிருவான். ஏறுத எறங்குத அம்புட்டுப் பேரும் படிப்பாவ. ஆடி மாசம் விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கொழா ரேடியோ கட்டிவிட்டு என் ஒறக்கத்தைக் கெடுத்த விழாக் கமிட்டித் தலைவரு நீ! உன்னைய இப்படி ஒரு ஊருக்கு அனுப்பி வையி தாயின்னு நான் அந்த அம்மனுக்கே நேந்திருந்தேன். நிறைவேறிட்டு.

தண்ணி வாங்கினா பிளாஸ்டிக் பாட்டிலுக்குன்னு 25 சென்ட் கூடப் பிடிச்சுக்கிடுவான். பாட்டிலைத் திருப்பிக் கொண்டு போயி மெசினுக்குள்ள விட்டா சீட்டு வரும், கல்லாவுல குடுத்தா காசு. பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத, ஆச்சி உள்ளதான் இருக்கா. சாயங்காலம் பூங்காவுக்குப் போனா ஒண்ணு பாப்ப. வயசான மனுசர், கோட்டெல்லாம் போட்டிருப்பாரு, குப்பைத் தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சு பாட்டில் தேடுவாரு. பென்சன் பத்தலை. பணக்கார நாட்டுலயும் இது உண்டு. அதனால விவரமான ஆளுக பாட்டிலைத் தொட்டிக்குள்ள போடாம வெளிய ஓரமா வச்சிட்டுப் போவாவ, அவரு கையை விட்டுத் துழாவ வேண்டாம்லா. எந்தச் சட்டத்துலயும் எழுதி வைக்காமயே அவங்க செய்யுதது இது. அந்த ஊருல நான் மெச்சினதும் இதைத்தான். நீயும் வெளிய வை. எட்டு சென்ட்டுல நீ பங்களா கட்டப் போறதில்ல.

மார்கழியில சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிரும், கோடையில ராத்திரி ஒம்பதரைக்கும் வெளிச்சம் கிடக்கும். பொழுதைப் பாத்துச் சாப்பிட உக்காந்தேன்னா கெட்டே. அப்புறம், கூரையில வட்டமா ஒரு டப்பா ஒட்டியிருக்கும், புகை பட்டா கத்துத டப்பா. வீட்டுக்கு வீடு இருக்கணும்னு சட்டம். ஆச்சி கட்டிக் குடுக்க வத்தலைத் தாளிக்கையில அடுப்படிக் கதவைச் சாத்து, சன்னலைத் திற, குளிருனாலும் திற.

மனசு வெறிச்சோடுனா, பெர்லின்லயே பிரிட்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, அந்தப் பக்கம் போ. மயூரபதி முருகன் கோயில் இருக்கு. ஈழத்து ஆளுக கட்டினது. 1980கள்ல சண்டைக்குத் தப்பி, கிழக்கு பெர்லின் ஏர்ப்போட்டுல எறங்கி, மேக்குப் பக்கம் அகதியா வந்து சேந்தவுக நிறையப் பேரு. நீ வேலை ஆர்டரும் ரெண்டு பெட்டி பலகாரமுமா போறே. அவங்ககிட்டப் போயி 'குளிரு தாங்கலை அண்ணே, ஒரே கஷ்டம்'னு மட்டும் ஆரம்பிச்சிராத. கும்பிட்டுட்டு, பிரசாதத்தைச் சாப்பிட்டுட்டு, பேசாம வந்துரு.

பெறவு லீவுல இங்க வருவ. 'அங்கெல்லாம் தாத்தா...'ன்னு ஆரம்பிப்ப. பேசு, கேக்கேன். பேசி முடிச்சதும் உன் கையில இருக்க தண்ணிப் பாட்டிலு வண்டிச் சன்னல் வழியாப் போகுதா, வீட்டுக்கு வருதான்னு மட்டும் பாப்பேன்.

போனதும் செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. குடிபோன 14 நாளைக்குள்ள வார்டு ஆபீசுல போயி பதியணும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளு வேணும், அதை மொதல்ல கேட்டு வாங்கு. அந்த ஆபீசுல நேரம் கிடைக்கது பெரும்பாடு. கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காரு, எவனாச்சும் விட்டுக்குடுத்த நேரம் வந்து விழும். அடுத்து வாசல் மணி, தபால் பெட்டி. கதவு நம்பரெல்லாம் பெரும்பாலும் கிடையாது, குடும்பப் பேரைப் பாத்துத்தான் தபால் போடுவான். நமக்கு ஏதுலே குடும்பப் பேரு? பாஸ்போர்ட்டுல அந்த எடத்துல உங்கப்பன் பேருல்லா இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் ஆபீசுலயும் மரியாதைக்கு 'ஹெர்' போட்டு அந்தப் பேரைச் சொல்லித்தான் உன்னையக் கூப்பிடுவாவ. போன பொங்கல்லருந்து நீ மொகங்குடுத்துப் பேசாத மனுசன் பேரு. எழுத்துப் பிழையில்லாம ஒட்டு. பேரு இல்லாத பெட்டியில தபால்காரன் கடுதாசி போடமாட்டான், அனுப்புன எடத்துக்கே திருப்பி விட்டுருவான்.