பன்னிரண்டும் ஒன்றும்

போன ஆனியில் சாரல் விழத் தொடங்கிய வாரம், என் தங்கச்சி மகன் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். மஞ்சள் போர்டு, டி.என்.76, பன்னிரண்டு சீட்டும் டிரைவர் சீட்டும்.

"பேட்ஜெல்லாம் இப்ப வேண்டாம் மாமா. கார் லைசென்ஸே போதும்னு கோர்ட்டு சொல்லிட்டு" என்றான்.

சொன்னது சரிதான். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாடகை வண்டியை ஓட்ட லைட் லைசென்ஸ் போதும், பேட்ஜ் என்று தனியாக எதுவும் எழுதி வாங்க வேண்டியதில்லை. டிரைவரிடம் பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, செத்தவர் குடும்பத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ்காரர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலை அடைத்த தீர்ப்பு இது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் மருமகன் வண்டி கொண்டுவந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் லைட் லைசென்ஸ் எடுத்தது 1993-இல், 18 வயதில். வாடகை வண்டி ஓட்ட 20 வயது ஆக வேண்டும், லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது கழிந்திருக்க வேண்டும் என்றது சட்டம். அந்த இரண்டு வருஷமும் ஓர் அண்ணாச்சியின் மெட்டடார் வேனில் கிளீனராக இருந்தேன். குற்றாலம் ஐந்தருவியில் ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டியைக் கழுவுவேன். பின்சக்கரத்துக்குக் கல் வைப்பேன். டயரைக் கையால் தட்டிப் பார்த்துக் காற்று சொல்வேன். ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார் அண்ணாச்சி. எனக்கு அழுகையே வரும். மலை இறக்கத்தில் அவர் எந்த இடத்தில் கியரைக் குறைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததுதான் எனக்குக் கிடைத்த படிப்பு.

என்னோடு இன்னொரு கிளீனர் இருந்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவான். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன். பின்னாளில் அவன் வாடகை வண்டி லைசென்ஸுக்குப் போனபோது எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். மலையாளத்துக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். 2019-இல் மத்திய அரசு அந்த விதியை எடுத்துவிட்டது. செய்தி படித்ததும் அவன் ஞாபகம்தான் வந்தது. அவனை விடத் திறமை குறைந்த நான் சட்டைப் பையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

1996 கார்த்திகையில் நான் செய்த ஒரு காரியத்தை மருமகனிடம் சொல்லியாக வேண்டும் என்று அந்த ராத்திரிதான் முடிவு செய்தேன். மாலை போட்ட சாமிமார் ஒரு குழு. பெர்மிட் பன்னிரண்டு பேருக்கு, வந்தவர்கள் பத்தொன்பது பேர். கேரளத்துக்குப் போக ஸ்பெஷல் பெர்மிட்டோடு ஆட்களின் பெயர்ப் பட்டியலும் வேண்டும். பன்னிரண்டு பெயரை எழுதினேன். மிச்சம் ஏழு பேரைப் புளியரை செக்போஸ்டுக்கு முன்னால் இறக்கி, நடந்து வரச் சொல்லி, தாண்டியதும் ஏற்றிக்கொண்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. நான் செய்தேன்.

திரும்பி வருகையில் ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. அதிகப்படி பாரத்தில் டிரம் சூடாகிவிட்டது. எஸ் வளைவு வந்துகொண்டிருந்தது. கியரைப் பிடித்துப் பிடித்து, மலைப் பக்கத்து மண்ணோடு உரசி நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னாலிருந்து சரணம் கேட்டுக்கொண்டே இருந்தது, நடந்தது ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. நான் இறங்கி நின்று அவர்களை எண்ணினேன். பன்னிரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. அந்த ஏழு பேர் என் வண்டியில் இருந்ததற்கு எங்கேயும் எழுத்து கிடையாது.

பல வருஷம் கழித்துத்தான் இமாச்சலத்து வழக்கு ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 42 சீட்டு பஸ்ஸில் சுமார் 90 பேர் போய் விபத்து. 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: 42 பேருக்கான தொகையைத்தான் இன்சூரன்ஸ் கட்டும், அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், பாக்கியை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். ஒழுங்காகச் சீட்டில் உட்கார்ந்து போனவன் குடும்பத்துக்கும் அதனால் குறைந்துதான் கைக்கு வரும். அதிகமாக ஏற்றுகிற ஒவ்வொரு ஆளும் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவன் மடியிலிருந்து எடுக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

மறுநாள் காலை மருமகனை உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். லைசென்ஸுக்கு எடை கணக்கு, பெர்மிட்டுக்கும் வரிக்கும் சீட்டு கணக்கு, இரண்டையும் குழப்பாதே என்றேன். டிரைவர் போகப் பன்னிரண்டு பேர் வரைதான் மேக்சி கேப். எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று ஒவ்வொரு வருஷமும். கூடுதலாக ஏற்றினால் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம். அந்த 200 ரூபாய் பெரிய விஷயமில்லை, சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பாத்தியத்தில் போய்விடும் என்று அவனே சொன்னான். அதனால்தான் அந்த ஏழு பேர் கதையை இரண்டாவது முறையும் சொன்னேன்.

"ஓன் போர்டு வண்டியெல்லாம் ஆளை ஏத்திக்கிட்டு ஓடுதே மாமா. வரி இல்ல, பெர்மிட் இல்ல, நம்மளை விட வாடகையும் கம்மி. நான் எப்படிப் பொழைக்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் ஆதங்கம் நியாயமானது. சொந்த உபயோகத்துக்கென்று இன்சூரன்ஸ் எடுத்த வண்டி வாடகைக்குப் போய்க் கவிழ்ந்தால் அந்தப் பாலிசியை நம்ப முடியாது. மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குளிக்க வருகிறவர்களுக்கு இதை யார் சொல்வது? நம்பர் பிளேட் மஞ்சளா வெள்ளையா என்று பார்த்து ஏறுகிற குடும்பத்தை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான். சவாரி எடுக்கும் முன் ஒரு மாதம் காலி வண்டியோடு என்னுடன் மலை ஏறி இறங்க வேண்டும். சட்டம் கேட்கவில்லையே என்றான். நான் கேட்கிறேன் என்றேன். டீசல் செலவு என்னுடையது.

பேட்ஜ் இல்லாமல், பெர்மிட்டும் இன்சூரன்ஸும் போனுக்குள் கிடக்க, செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாக ஏறினோம். முதல் பத்து நாள் இறக்கத்தில் பிரேக் மிதியிலேயே காலை வைத்திருந்தான். நான் திட்டினேன், அவன் முறைத்தான். இருபத்திரண்டாம் நாள் நல்ல மழை, கண்ணாடியில் வைப்பர் தள்ளத் தள்ளத் தண்ணீர். நான் ஒன்றும் பேசவில்லை. எஸ் வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாவது கியருக்கு வந்தான். இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்கியது.